தாடி வராவிட்டால் ஹார்மோன் குறைவா?

'வயது இருபத்தைந்து ஆகிறது, கன்னத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் முடி. ஆண் ஹார்மோன் குறைவா? அடிக்கடி ஷேவ் செய்தால் அடர்த்தியாகுமா?' இளைஞர்கள் பலரும் கேட்கத் தயங்கும் கேள்விகள் இவை.

இரண்டாவது கேள்விக்கு 1928-லேயே பதில் கிடைத்துவிட்டது. மில்ட்ரெட் டிராட்டர் என்ற உடற்கூற்றியலாளர், தொடர்ந்து ஷேவ் செய்தவர்களின் முடியை அளந்து பார்த்தார். தடிமனும் மாறவில்லை, வளரும் வேகமும் மாறவில்லை. பிளேடு வெட்டுவது உயிரற்ற தண்டைத்தான். முடி உருவாகும் இடம் தோலுக்குள் ஆழத்தில் இருக்கிறது. வெட்டாத முடியின் நுனி மெலிந்து கூராக இருக்கும், வெட்டியது மொட்டையாக நிற்கும். கையில் சொரசொரப்பது அதனால்தான்.

முதல் கேள்விதான் சுவையானது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தில் எல்லா மயிர்க்கால்களுக்கும் ஒரே அளவில்தான் போய்ச் சேர்கிறது. மயிர்க்காலின் அடியில் ஒரு சிறு செல் திரள் இருக்கிறது. அங்குள்ள ஒரு நொதி டெஸ்டோஸ்டிரோனை டி.எச்.டி. என்ற வீரியமான வடிவத்துக்கு மாற்றுகிறது. டி.எச்.டி., செல்லுக்குள் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதமான ஏற்பியோடு ஒட்டி, மரபணுக்களை முடுக்குகிறது. இனிமேல்தான் விந்தை. தாடையில் உள்ள செல்கள் இந்தக் கட்டளை கிடைத்ததும் வளர்ச்சிக் காரணிகளைச் சுரக்கின்றன. பூனைமுடி கருத்துத் தடிக்கிறது. வழுக்கைக்கு மரபுவாகு உள்ளவரின் உச்சந்தலை செல்களோ அதே கட்டளைக்கு வளர்ச்சியைத் தடுக்கும் புரதங்களைச் சுரக்கின்றன. முடி மெலிந்து உதிர்கிறது. தாடியை வளர்ப்பதும் தலையை வழுக்கையாக்குவதும் ஒரே ஹார்மோன்!

இதற்கு அழகான சான்று 1974-ல் வெளிவந்தது. டொமினிக்கன் குடியரசில் இந்த நொதி பிறவியிலேயே குறைந்த சில ஆண்களை ஜூலியன் இம்பெராட்டோ-மெக்கின்லி குழு ஆராய்ந்தது. டெஸ்டோஸ்டிரோன் இயல்பான அளவில் இருந்தது. குரல் உடைந்தது, தசை திரண்டது. தாடி மட்டும் மிகக் குறைவு, வழுக்கையும் விழவில்லை. ஒரு சிற்றூரின் அரிய மரபணுக் குறைபாட்டைப் பொறுமையாக ஆராய்ந்ததன் பயன்தான், இந்த நொதியைத் தடுக்கும், 1997-ல் வழுக்கைக்கு அங்கீகாரம் பெற்ற ஃபினாஸ்டரைடு மாத்திரை. 'இதனால் என்ன லாபம்?' என்று கேட்கப்படும் ஆராய்ச்சிகளுக்கும் பணம் ஒதுக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

ஆக, தாடியின் அடர்த்தி காட்டுவது பெரும்பாலும் மயிர்க்காலின் பரம்பரை உணர்திறனை. ஹார்மோன் அளவை அல்ல. அதை ஆண்மையின் அளவுகோலாக்குவது சுத்த மூடநம்பிக்கை. தாடி எண்ணெய் தண்டை மினுக்கும், வேரை மாற்றாது. முடி வளரப் பூசும் மருந்தான மினாக்ஸிடில் சிலருக்குப் பலன் தரலாம், ஆனால் மாதக்கணக்கில் பூச வேண்டும், தோல் அரிக்கலாம். வீட்டில் பூனை இருந்தால் பூசிய இடத்தை நக்க விடக் கூடாது, அதற்கு அது நஞ்சு.

மருத்துவர் சொல்லாமல் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுவதுதான் பெரிய ஆபத்து. வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும், விரைகளை இயக்கும் சமிக்ஞையை மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி நிறுத்திவிடும். விரைகள் சுருங்கும், விந்தணு உற்பத்தி சரியும். நிறுத்திய பிறகும் மீள மாதங்கள் பிடிக்கும்.

முப்பது வயதை ஒட்டியும் தாடி நிரம்புவது உண்டு. குரல் உடையாமல், அக்குளில் முடி வராமல் இருந்தால் ஹார்மோன் பரிசோதனை தேவை. அதையும் காலையில் செய்ய வேண்டும், அப்போதுதான் அளவு உச்சத்தில் இருக்கும். இருந்த தாடியில் திடீரென நாணய வட்டமாக முடி கொட்டினால் அது வேறு நோய், தோல் மருத்துவரைப் பாருங்கள்.