‘விஜயம்’ என்ற சொல்லுக்குள் ஒரு வெற்றி

குன்னூரில் நான் தமிழ் நடத்தும் எட்டாம் வகுப்பில், நாளிதழ் வாசிக்கும் நேரத்தில் ஒரு மாணவி எழுந்தாள். “ஐயா, ‘அமைச்சர் நீலகிரிக்கு விஜயம்’ என்று போட்டிருக்கிறார்கள். விஜயம் என்றால் வெற்றிதானே? யாரை வென்றார்?” ஜன்னலுக்கு வெளியே மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. அன்று இலக்கணப் பாடத்தைத் தள்ளிவைத்துவிட்டேன்.

அவள் கேட்டது சரியான கேள்வி. வடமொழியில் விஜயம் என்றால் வெற்றிதான். மன்னர் நாலு திசையும் வென்று வருவது திக்விஜயம். போவதும் வெல்வதும் அதில் ஒன்றாகவே நிற்கின்றன. பெரியவர்கள் எழுந்தருள்வதையும் மரியாதை கருதி ‘விஜயம் செய்தார்’ என்றார்கள். மன்னராட்சி போன பிறகும் அந்தச் சொல் மட்டும் செய்தித்தாளில் தங்கிவிட்டது.

அரசுகள் பேசப் போகும் இடத்தில் இது பொருந்தவே பொருந்தாது. ஆங்காங்கை (ஹாங்காங்) எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பெரும்பகுதி நிலத்தை 1898இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு சீனாவிடமிருந்து பிரிட்டன் எடுத்திருந்தது. தவணை நெருங்க, அங்கிருந்த பிரிட்டிஷ் ஆளுநர் மெக்லிஹோஸ் 1979இல் பெய்ஜிங் போய், 1997ஐத் தாண்டும் நிலப் பத்திரங்களைப் பற்றிப் பேச்செடுத்தார். ஆங்காங்கைத் திரும்பப் பெறுவோம், ஆனால் முதலீட்டாளர்கள் கவலைப்பட வேண்டாம் என்றார் சீனத் தலைவர் டெங் சியாவோபிங். 1982 செப்டம்பரில் பிரிட்டிஷ் பிரதமர் தாட்சர் போனார். அர்ஜென்டினாவுடனான ஃபாக்லாந்து போரில் வென்று மூன்று மாதம்தான் கடந்திருந்தது. ஆங்காங்கை பிரிட்டனுக்குத் தந்த பழைய ஒப்பந்தங்கள் செல்லும் என்று அவர் வாதாட, டெங் இறையாண்மையில் துளியும் இறங்கவில்லை. வென்றவராகப் போனதால், சொல்லின் முழுப் பொருளிலும் அதுதான் விஜயம். ஆனால் கைக்கு எதுவும் வரவில்லை. 1984 ஏப்ரலில் வெளியுறவு அமைச்சர் ஜெஃப்ரி ஹௌ பெய்ஜிங்கில் பேசிவிட்டு ஆங்காங் வந்து, 1997க்குப் பிறகு பிரிட்டிஷ் நிர்வாகம் தொடரும் என்று எண்ணுவது நடைமுறைக்கு ஒவ்வாது என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்த டிசம்பர் 19 அன்று, ஆங்காங்கைச் சீனாவிடம் திருப்பித் தருவதற்கான இரு நாட்டுக் கூட்டறிக்கை கையெழுத்தானது. நகரம் கைமாறியது 1997 ஜூலை 1இல்.

அப்படியானால் தமிழில் என்ன சொல்வது? பழந்தமிழில் போவது செலவு, வருவது வரவு. இன்று இரண்டும் கணக்குப் புத்தகத்துக்குப் போய்விட்டன, மீட்க முடியாது. பயணம் நன்றாகப் பழகிய சொல், ஆனால் ‘பிரயாணம்’ வழியாக வந்தது. வருகை நம்முடையது. உதகையில் நின்று எழுதுபவருக்கு டெல்லி அமைச்சர் வருவது ‘அரசுமுறை வருகை’. டெல்லியிலிருந்து எழுதுபவருக்கு அதே பயணம் ‘அரசுமுறைப் பயணம்’. வருகையை முதல் தேர்வாகவும், புறப்படுபவர் பக்கமிருந்து எழுதும்போது பயணத்தையும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் முடிவு.

ஆங்காங் கைமாறியதைக் கையளிப்பு என்றும் எழுதுகிறார்கள், தவறில்லை. எனக்கு ஒப்படைப்புதான் பிடிக்கும். அதன் முன்பாதியிலேயே ‘ஒப்பு’ நிற்கிறது. இரு தரப்பும் ஒப்புக்கொள்ளத்தானே அத்தனை முறை போய்வந்தார்கள்?

மணி அடித்தது. அந்த மாணவி பென்சிலால் நாளிதழில் விஜயத்தை அடித்து, மேலே ‘வருகை’ என்று எழுதிக்கொண்டிருந்தாள்.