"ஆண்கள் மட்டும்" என்று வர்த்தமானியில் போட்டால்?

எங்கள் தொடர்மாடியில் கீழ்த்தளத்தில் இருக்கும் தங்கச்சி ஒருத்தி உயர்தரம் முடித்துவிட்டு வேலை தேடுகிறாள். போன வாரம் ஒரு வர்த்தமானி அறிவித்தலைப் போனில் காட்டி, "அக்கா, படையில் தொழில்நுட்ப வேலை, எனக்கு எல்லாத் தகுதியும் இருக்கு, ஆனால் ஆண்கள் மட்டும் என்று போட்டிருக்காங்க, அப்படிப் போடலாமா?" என்று கேட்டாள். வெள்ளவத்தையில் ஒரு தமிழ்ப் பிள்ளை படைக்குப் போக நினைத்தாலே பல வீடுகளில் சண்டை வரும், ஏன் என்று நமக்கெல்லாம் தெரியும். ஆனால் போவதா வேண்டாமா என்பது அவள் முடிவு. அவள் கேட்டது சட்டத்தை, அதனால் சட்டத்தையே சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. இலங்கை இராணுவத்தின் மகளிர் படையணி 1979இல், பிரித்தானிய இராணுவத்தின் மகளிர் பிரிவு உதவ, ஆயுதம் ஏந்தாத துணைப் பிரிவாகத் தொடங்கியது. சம்பளம் ஆண்களுக்குரிய அதே அளவுதான், ஆனால் வேலை மட்டும் தாதி, தொலைத்தொடர்பு, எழுதுவினைஞர் என்பதோடு நின்றது, சேர்ந்து ஐந்து வருடத்துக்குக் கல்யாணமும் கட்டக்கூடாது. விமானப்படையில் பெண்கள் விமானிகளாகச் சிறகுச் சின்னம் அணிவதற்கு 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்போது சட்டம். பிடித்துக்கொள்ள வேண்டியது அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை. 12(1) எல்லோரும் சட்டத்தின் முன் சமம் என்கிறது. 12(2) இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறந்த இடம் என்று எதை வைத்தும் எந்தப் பிரஜைக்கும் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது. 12(4) பெண்களின் முன்னேற்றத்துக்காக அரசு விசேட ஏற்பாடு செய்வதை இந்தச் சமத்துவ விதி தடுக்காது என்கிறது, ஆகவே பெண்களுக்கென்று தனி ஒதுக்கீடு வைத்தால் அது ஆண்களுக்கு அநியாயம் என்று யாராவது சொன்னால் இதைக் காட்டலாம்.

"படைக்கு இதெல்லாம் பொருந்தாது" என்று பலர் சொல்வார்கள். அது பாதி உண்மை. 15(8) படையினரின் சில உரிமைகளைக் கடமைக்காகவும் ஒழுக்கத்துக்காகவும் சட்டத்தால் கட்டுப்படுத்தலாம் என்கிறது, ஆனால் அது பெயர் சொல்லும் உறுப்புரைகள் 12(1), 13, 14 மட்டுமே. பால் பாகுபாட்டைத் தடுக்கும் 12(2) அந்தப் பட்டியலில் இல்லை. நான் இதை முதன்முதலாகக் கவனித்தபோது மூன்று தடவை திருப்பித் திருப்பி வாசித்தேன். சரி, 15(7) என்று இன்னொன்று இருக்கிறது, தேசிய பாதுகாப்புக்காக 12ஐ முழுதாகவே கட்டுப்படுத்தலாம் என்கிறது, ஆனால் அதையும் சட்டத்தால்தான் செய்ய வேண்டும், ஒரு அதிகாரியின் விருப்பத்தால் அல்ல.

உண்மையான தடை 16ஆம் உறுப்புரை. 1978க்கு முன்பே இருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்கிறது அது, இராணுவச் சட்டமோ 1949இல் வந்தது. அதனால் அந்தப் பழைய சட்டத்தோடு நேரடியாக மோத முடியாது. ஆனால் இன்றைக்கு வெளியாகும் ஆட்சேர்ப்பு அறிவித்தலும் தெரிவுப் பட்டியலும் நிர்வாகச் செயல்கள், அவற்றைக் கேள்வி கேட்கலாம்.

ஆட்சேர்ப்பு விதியில் ஒரு சொல் இருப்பதும் இல்லாததும் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குப் படை அல்ல, பொலிஸ் உதாரணம் ஒன்று. 2020இல் நாட்டின் முதல் பெண் பிரதிப் பொலிஸ்மா அதிபர் நியமிக்கப்பட்டார். அந்தப் பதவிக்கான விதியில் பெண்கள் பற்றி ஏற்பாடு இல்லை என்று சொல்லி ஆண் அதிகாரிகள் உயர் நீதிமன்றம் போனார்கள். அதனால் அறிவித்தலை வாசிக்கும்போது சம்பளத்தை மட்டும் பார்க்காதீர்கள், பதவியின் பெயருக்குப் பக்கத்தில் ஆண், பெண் என்று என்ன எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள்.

அப்புறம் நாள் கணக்கு. அடிப்படை உரிமை மீறல் மனுவை 126ஆம் உறுப்புரையின்படி, மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் கொழும்பு புதுக்கடையில் உள்ள உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும், நீங்களே போடலாம் அல்லது சட்டத்தரணி ஊடாகப் போடலாம், மீறல் நடக்கப்போகிறது என்ற நிலையிலும் போடலாம். கையில் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவும் புதுக்கடையில்தான் இருக்கிறது. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது, 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. ஆனால் முறைப்பாட்டுப் பிரதியோடு திருப்திப்படாதீர்கள், விசாரணை நடக்கிறது என்பதற்கு எழுத்தில் ஏதாவது வாங்கி வையுங்கள். தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எத்தனை இடம் ஆணுக்கு, எத்தனை பெண்ணுக்கு என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும், ஆனால் தருவதா இல்லையா என்று முடிவுசெய்யவே அவர்களுக்கு 14 வேலை நாள் இருக்கிறது. அந்தப் பதிலுக்காகக் காத்திருந்து மாதத்தைத் தவறவிட்டுவிடாதீர்கள்.

சேர்ந்த பிறகு தொல்லை வந்தால்? தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, 1995இல் திருத்தப்பட்டது, வேலைத்தலத்தில் மேலதிகாரி செய்யும் பாலியல் தொந்தரவையும் குற்றமாக்குகிறது, ஐந்து வருடம் வரை சிறை கிடைக்கலாம். சீருடை போட்டவருக்கு விலக்கு என்று அதில் எங்கும் எழுதவில்லை. மனித உரிமைகள் ஆணைக்குழுவின் தொலைபேசி எண் 1996, முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம்.