முதலில் பிளக் வயர்: பழைய புல்வெட்டி மெஷினில் கை வைப்பவர்களுக்கு

போன மாசியில் சண்டிலிப்பாய்ப் பக்கமிருந்து ஓர் அழைப்பு. லண்டனில் இருந்து வந்த தம்பி ஒருவர், பல வருடம் பூட்டிக் கிடந்த அப்பப்பாவின் வீட்டைத் திறந்து துப்புரவாக்கிக்கொண்டிருந்தார். மாட்டுக்கொட்டிலுக்குள் பழைய கதவுகளுக்குப் பின்னால் ஒரு மெஷின் நிற்கிறது, வந்து பார்க்க ஏலுமா என்று கேட்டார்.

என் வேலை இரண்டு அங்குல வாட்டர் பம்ப், சின்ன ஜெனரேற்றர், மருந்தடிக்கிற மெஷின். யாழ்ப்பாணத்தில் புல்வெட்டி திருத்தி யாரும் பிழைக்க முடியாது. இங்கே புல்லுக்கு ஆடும் உழவாரமும் இருக்கின்றன. ஆனாலும் அந்தக் காலத்துப் பெரிய வீடுகளிலும் மிஷன் வளவுகளிலும் மலாயாப் பென்சன்காரர் கட்டிய வீடுகளிலும் ஒன்றிரண்டு இன்னும் கிடக்கின்றன. போய்ப் பார்த்தேன். பெயர்த்தகடு துருவில் போய்விட்டது. காந்தச் சில்லின் முகத்தில் மட்டும் 'வில்லியர்ஸ்' என்ற எழுத்து தெரிந்தது. வூல்வர்ஹம்ரன் நகரத்துக் கொம்பனி. ஒரு காலத்தில் சின்ன மோட்டார் சைக்கிள்களுக்கும் புல்வெட்டிகளுக்கும் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் செய்து உலகம் முழுக்க அனுப்பியவர்கள்.

தம்பி அதற்குள் புதுப் பெற்றோல் ஊற்றி, கயிறு சுற்றி இருபது தரம் இழுத்திருந்தார். "ஒண்டும் அசையேல்லை அண்ணை" என்றபடி குனிந்து வெட்டும் உருளையைக் கையால் பிடித்துச் சுழற்றப் போனார். எஞ்சினுக்குள் நெருப்புப்பொறி விடும் பிளக்கில் அதன் வயர் கொளுவியபடி இருந்தது. நான் போட்ட சத்தத்தில் விறாந்தையில் இருந்த தம்பியின் மாமி எழும்பி வந்துவிட்டார்.

என் இடது கை மோதிர விரலில் நகம் அரைவாசிதான் முளைக்கும். தொழில் பழகிய காலத்தில் நானே தேடிக்கொண்டது. ஓடிக்கொண்டிருந்த புல்வெட்டியின் உருளையில் தும்புக் கயிற்றுத் துண்டு சிக்கி எஞ்சின் நின்றது. எஞ்சின்தான் நின்றுவிட்டதே என்று கயிற்றைப் பிடித்து இழுத்தேன். கயிறு விடுபட்ட அந்தக் கணமே உருளை அரைச் சுற்றுச் சுற்றியது. அவ்வளவுதான். விரல் நுனி போனதைக் கண்ட பிறகுதான் வலி தெரிந்தது.

பற்றரி இல்லை, சாவி இல்லை, ஆகவே 'ஓவ்'வாக இருக்கிறது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். இந்த எஞ்சின்களில் நெருப்புப்பொறி தருவது பற்றரி அல்ல, காந்தச் சில்லு. அது சுற்றினால் பொறி வரலாம். சிலின்டருக்குள் பெற்றோல் ஆவி மிச்சமிருந்தால் ஒரு வெடிக்கு அது போதும். வெடிக்காவிட்டாலும், உள்ளே அமுங்கி நிற்கும் காற்றே உருளையைத் தள்ளிவிடும். உருளையும் எஞ்சினும் சங்கிலியால் பிணைந்தவை. கிளச் விலகாமல் இருந்தால் ஒன்றைத் திருப்ப மற்றதும் திரும்பும். அதனால் என் கராஜில் ஒரே சட்டம்: எந்த மெஷின் வந்தாலும் முதலில் பிளக் வயர் கழற்றப்பட வேண்டும். பிளக்கையும் கழற்றிவிட்டால் இன்னும் நல்லது, அமுக்கம் போய்விடும்.

சரி, மெஷினுக்கு வருவோம். எஞ்சின் இறுகிப்போயிருந்தது. இந்த இடத்தில்தான் ஆட்கள் சுத்தியலை எடுக்கிறார்கள். சுத்தியல் எடுத்தவர்கள் குளிர்விக்கும் செட்டைகள் உடைந்த எஞ்சினோடு என்னிடம் வருகிறார்கள். டீசலும் எஞ்சின் ஒயிலும் பாதிக்குப் பாதி கலந்து பிளக் ஓட்டையால் ஊற்றி, துணியால் அடைத்துவிட்டு வந்தேன். ஐந்தாம் நாள் போய்ச் சில்லை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் மெல்ல ஆட்டினால் ஒரு மயிரிழை அசைவு. இன்னும் ஊற்றினேன். எட்டாம் நாள் முழுச் சுற்றுச் சுற்றியது. தம்பிக்குப் பொறுமை இல்லை, அவருக்கு இரண்டு கிழமையில் விமானம். துருவுக்கு அது தெரியாதே.

சைலன்சரைக் கழற்றினால் உள்ளே குளவிக்கூடு. வெளியேறும் வாயிலில் இருந்து குழாயின் வளைவு வரைக்கும் மண் கட்டி, காய்ந்து, கல்லாகிக் கிடந்தது. கம்பியால் குத்திக் குத்தி எடுத்தபோது உலர்ந்த சிலந்திகளும் சேர்ந்து கொட்டின. காற்று உள்ளே போகும் வழியிலும் அதே கதை. சில்லின் மூடிக்குள் எலி சேர்த்த தும்பு. இவ்வளவையும் உள்ளே வைத்துக்கொண்டு இருபது தரம் இழுத்தால் எஞ்சின் ஏன் ஓடும்? எஞ்சின் இறுகியிருந்ததே நல்லதாகப் போயிற்று என்றுதான் சொல்வேன். சுற்றியிருந்தால் அந்த மண்ணில் கொஞ்சம் பிஸ்ரனுக்குப் போயிருக்கும்.

பெற்றோல் தாங்கியின் அடியில் ஊசித் துளை. தம்பி உடனே, "சந்தியிலை ஒரு வெல்டிங் கடை இருக்கு, குடுத்து ஒட்டுவமா?" என்றார். இதைத் தடித்த எழுத்தில் வாசியுங்கள்: பெற்றோல் இருந்த தாங்கியை நெருப்புக்குக் கொண்டுபோகாதீர்கள். வெறுமையான தாங்கிதான் நிறைந்த தாங்கியை விட ஆபத்து. நிறைந்த தாங்கிக்குள் காற்று இல்லை. வெறும் தாங்கிக்குள் காற்றும் பெற்றோல் ஆவியும் கலந்து நிற்கும். பல வருடம் காய்ந்த தாங்கி என்றாலும் மூலையில் பசைபோல் ஒட்டிய பழைய பெற்றோல் சூடு பட்டதும் ஆவியாகும். அதுவும் தம்பி ஊற்றிய புதுப் பெற்றோல் வேறு இருந்தது. சவர்க்காரம் போட்ட சுடுநீரால் பல தரம் கழுவி, நாள்கணக்கில் வெயிலில் வைத்து, பிறகு துளைக்குக் கிட்டவரை தண்ணீரால் நிரப்பி, நெருப்புச் சுவாலை இல்லாமல் சூடாக்கிய ஈயக் கோலால் ஒட்டுவதுதான் என் வழி. பெரிய ஓட்டை என்றால் ஒட்டுவதே இல்லை, வேறு தாங்கி தேடுவேன்.

உள்துருவுக்குப் பழப்புளி. சிரிக்காதீர்கள். குத்துவிளக்கு மினுக்குகிற அதே புளிதான். கரைத்து வடித்து ஓர் இரவு தாங்கிக்குள் விட்டால் துரு இளகிக் கறுப்பாக வரும். ஆனால் அதே கரைசலுக்குள், பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேற்றரைப் போட்டுவிட்டுப் படுக்கப் போகாதீர்கள். பழைய காபரேற்றர்களின் உடம்பு பெரும்பாலும் நாகக் கலவை. புளி அதையும் தின்னும். காபரேற்றருக்கு மண்ணெண்ணெயும் பழைய பல் தூரிகையும் போதும். கடைசியில் எங்கள் கிணற்றுத் தண்ணீரால் கழுவி அப்படியே காயவும் விடாதீர்கள். சுண்ணாம்புத் தண்ணீர், காய்ந்தால் சின்ன ஜெற் துளையில் வெள்ளைப் பொருக்கு நிற்கும்.

திறந்து மூடிப் பொறியை வரவைக்கும் தொடுமுனையான பொயின்ற் வெளுத்துப் போயிருந்தது. மெல்லிய எமரித் தாளால் இரண்டு தேய், சுத்தத் துணியால் துடை, 0.015 அங்குலம் இடைவெளி வை, அதாவது ஏறக்குறைய 0.38 மில்லிமீற்றர். பிளக்கை எஞ்சின் உடம்பில் தொடவைத்துச் சில்லைச் சுழற்றினால் நீலப்பொறி வந்தது. அப்படிப் பார்க்கும்போது பிளக்கை அதன் ஓட்டைக்குக் கிட்ட வைக்கக் கூடாது. ஓட்டையால் பெற்றோல் ஆவி வரும், பொறி பிடிக்கும்.

இரண்டு முகங்களுக்கு இடையில் கசிவு வராமல் வைக்கும் காஸ்கெற் இந்த எஞ்சினுக்கு யாழ்ப்பாணத்தில் கிடையாது, தேடவும் தேவையில்லை. காஸ்கெற் தாளை அந்த முகத்தின் மேல் வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் விளிம்பைச் சுற்றி மெல்ல மெல்லத் தட்டினால் இரும்பின் விளிம்பே தாளை வெட்டித் தரும். பழைய காஸ்கெற்றைச் சுரண்டும்போது மட்டும் கவனம். அந்தக் காலத்துக் காஸ்கெற்றிலும் கிளச்சிலும் அஸ்பெஸ்ரஸ் இருந்திருக்கலாம். தண்ணீர் தெளித்து ஈரமாகச் சுரண்டுங்கள். கொம்பிரசர் காற்றால் ஊத வேண்டாம். பழைய பெயின்றிலும் ஈயம் இருக்கக்கூடும், அதையும் ஈரமாகத் தேய்ப்பதே நல்லது, பிள்ளைகள் பக்கத்தில் இல்லாமல்.

ஒயிலைப் பற்றி ஒரு சண்டை. இந்தப் பழைய எஞ்சின்களுக்குச் சொல்லப்பட்ட கலவை 16 பங்கு பெற்றோலுக்கு 1 பங்கு ஒயில். ஒரு லீற்றருக்கு 60 மில்லிலீற்றருக்குச் சற்று மேல். கடைப் பெடியன் "20 காணும் அண்ணை" என்கிறான். அவன் சொல்வது இன்றைய மெஷினுக்குச் சரி. பழைய எஞ்சினில் புஷ்ஷுக்கும் பெயரிங்குக்கும் பிஸ்ரனுக்கும் அந்தக் கலவை ஒயிலைத் தவிர வேறு ஒயில் இல்லை. புகை வரட்டும், பரவாயில்லை.

"மண்ணெண்ணெயிலை ஓடாதோ?" என்று மாமி கேட்டார். கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். தொண்ணூறுகளில் பெற்றோல் கண்ணில் காணக் கிடைக்காதபோது ஒஸ்ரின் ஏ நாற்பது கார் முதல் மோட்டார் சைக்கிள் வரை மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் இது. ஒரு சின்னப் போத்தல் பெற்றோலில் ஸ்ரார்ட் எடுத்து, சூடு பிடித்ததும் மாற்றுவோம். ஓடும். ஆனால் மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் சரியாக எரியாது, எரியாத மிச்சம் சிலின்டர் சுவரில் உள்ள ஒயிலைக் கழுவும். அன்றைக்கு வேறு வழி இல்லை. இன்றைக்கு அரை மணித்தியாலம் புல் வெட்ட அது தேவையில்லை.

இப்போது கழுவிய மண்ணெண்ணெயும் கறுத்த டீசலும் சேர்ந்து ஒரு வாளி. தம்பி அதை வேலியோரம் ஊற்றத் தூக்கினார். லண்டனில் செய்வாரா என்று கேட்டேன், பேசாமல் கீழே வைத்தார். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. செம்மண் ஒரு மெல்லிய போர்வை, அதன்கீழ் வெடிப்பும் துளையுமாகச் சுண்ணாம்புக்கல், அதற்குள் எங்கள் தண்ணீர். வேலியோரம் ஊற்றியது பத்து யார் தூரம் தள்ளியிருக்கும் கிணற்றுக்குப் போக எதுவும் தடுக்காது. சுன்னாகம் சுற்றுவட்டாரக் கிணறுகளில் எண்ணெய் மிதந்து, 2014, 2015 காலத்தில் சனம் பவுசர் தண்ணீருக்கு வாளியோடு நின்றதைப் பார்த்த ஊரிலேயே இன்னும் கராஜ் பின்பக்கம் கறுப்புக் குளமாகக் கிடக்கிறது. எங்கள் தொழில்காரர் கோபித்தாலும் சரி, இதைச் சொல்லியே ஆக வேண்டும். நான் கானில் சேர்த்து, பழைய ஒயில் வாங்குகிறவர் வரும்போது கொடுக்கிறேன். மரத்துக்குப் பூசக் கேட்பவர்களுக்கும் கொடுத்துவந்தேன், இப்போது நிறுத்திவிட்டேன். மழையில் கழுவி அதுவும் நிலத்துக்குத்தான் போகிறது.

கத்திக்குக் கடைசி இரண்டு நாள். 1830இல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்பவர் முதல் புல்வெட்டியைச் செய்தது, துணி ஆலையில் கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் நூல்களைச் சீவும் மெஷினைப் பார்த்து. அதனால் இதைக் கத்தரிக்கோல் என்று நினைத்துத்தான் திருத்த வேண்டும். உருளை சுற்றும், அடிக்கத்தி நிற்கும், இரண்டும் உரசியும் உரசாமலும் சந்திக்கும். கிறைண்டிங் பசை பூசி உருளையைப் பின்பக்கமாகச் சுற்றித் தீட்டினேன். தடித்த தோல் கையுறை, கழற்றிய பிளக். பிறகு பழைய உதயன் பத்திரிகைத் தாளைக் கீற்றாகக் கிழித்து, இடையில் நீட்டி, உருளையை ஒரு கட்டையால் மெல்லத் தள்ளினேன். இடது ஓரத்தில் தாளை நறுக்கென்று வெட்டியது, வலது ஓரத்தில் மடித்துவிட்டது. வலப்பக்கத் திருகாணியில் கால் சுற்று. மறுபடி தாள். இப்படி ஒரு பின்னேரம் முழுக்கப் போனது.

ஸ்ரார்ட் எடுக்கும் முன் வளவை நடந்து பார்த்தோம். உருளை மெஷின் நெடும்புல்லை வெட்டாது. முதலில் உழவாரமும் கத்தியும் போட வேண்டும். கிடைத்தவை: முள்ளுக்கம்பித் துண்டுகள், சிரட்டை, ஓட்டுத் துண்டு, ஒரு பூட்டு. வலிகாமம் வடக்கில் இராணுவத்திடமிருந்து விடுவிக்கப்பட்ட காணிகளிலோ நீண்டகாலம் ஆளில்லாமல் கிடந்த வளவுகளிலோ மெஷின் இறக்குவதாக இருந்தால் இந்த நடை இன்னும் முக்கியம். அடையாளம் தெரியாத இரும்பு எதையாவது கண்டால், அது போர்க்காலத்து வெடிபொருளாக இருக்கலாம், தொடாதீர்கள், காலால் தட்டாதீர்கள். வந்த வழியே திரும்பிப் போய் பொலிஸின் 119க்குச் சொல்லுங்கள்.

மூன்றாம் இழுவையில் எஞ்சின் பிடித்தது. கொட்டில் முழுக்க நீலப்புகை. தம்பி கைபேசியில் படம் எடுத்தபடி மெஷினுக்குப் பின்னால் ஓடினார், மாமி காதைப் பொத்திக்கொண்டு, "அப்பப்பா இருந்த காலத்திலும் இதே சத்தம்தான், நிப்பாட்டச் சொல்லு" என்றார். நான்கு வரி வெட்டினோம். பெற்றோல் குழாயைப் பூட்டி, காபரேற்றரில் உள்ளது தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓடவிட்டேன். பிறகு பிளக் வயரைக் கழற்றி, கைபிடியில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டிவிட்டு, பழைய ஒயில் கானை மோட்டார் சைக்கிளில் கொளுவிக்கொண்டு வந்தேன்.