ஹாட் ஹேட்ச்: திட்டிவாசலில் தொடங்கும் சொல்

என் அத்தை மகன் கார் வாங்கப்போகிறான். 50 லட்சத்துக்கு மேல் ஒதுக்கி வைத்திருக்கிறான். "காம்பாக்ட் லக்ஸுரி எஸ்யூவி எடுக்கறதா, ஹாட் ஹேட்ச் எடுக்கறதா? எது பெர்ஃபாமன்ஸ் நல்லா இருக்கும், எது ரிலையபிளா இருக்கும்?" என்று கேட்டான். கேள்வியில் இருந்த நான்கு சொற்களுக்கும் தமிழில் தெளிவான பொருள் சொல்ல முடிந்தால் பதில் பாதி வந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. அதில் ஹாட் ஹேட்ச்தான் அதிகம் குழப்பும் சொல். அதிலிருந்து தொடங்குகிறேன்.

குடும்பத்துக்கென்று செய்த சிறிய ஹேட்ச்பேக்கின் (பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் காரின்) உடலை அப்படியே வைத்துக்கொண்டு, எஞ்சின், பிரேக், சஸ்பென்ஷன் மூன்றையும் வலுவாக்கி, விரட்டி ஓட்டுவதற்கென்றே கம்பெனியே தயாரித்து விற்கும் கார் ஹாட் ஹேட்ச். பிள்ளையைப் பள்ளியில் விடவும் அரிசி மூட்டை ஏற்றவும் அதே கார். மலைப்பாதையில் ஸ்போர்ட்ஸ் காருக்கு ஈடுகொடுக்கவும் அதே கார்.

பழைய ஆங்கிலத்தில் ஹேட்ச் என்றால் பாதிக்கதவு, சிறு கதவு. நம் கோட்டைகளிலும் பெரிய கோயில்களிலும் பெருங்கதவுக்குள்ளேயே ஆள் நுழைய ஒரு குட்டிக்கதவு இருக்குமே, திட்டிவாசல், கிட்டத்தட்ட அதுதான். பிறகு அந்தச் சொல் கப்பலேறியது. மேல்தளத்திலிருந்து சரக்கறைக்கு இறங்கும் திறப்புக்கும் அதன் மூடிக்கும் பெயரானது. முட்டை பொரிப்பதைக் குறிக்கும் ஹேட்ச் வேறு சொல்; எழுத்து மட்டும்தான் ஒன்று.

காரின் முதுகில் மேல்நோக்கித் திறக்கும் கதவு வந்தபோது கப்பல் மூடியின் பெயரே அதற்கும் பொருந்தியது. 1961-இல் வந்த ரெனோ 4, 1965-இல் வந்த ரெனோ 16 இரண்டும் இந்த வடிவத்தை ஐரோப்பியக் குடும்பங்களிடம் கொண்டுசேர்த்தவை. ஹேட்ச்பேக் என்ற சொல் புழக்கத்துக்கு வந்தது அதற்கும் பிறகு, 1970 வாக்கில். செடானில் டிக்கி தனி அறை. ஹேட்ச்பேக்கில் கண்ணாடியோடு சேர்த்து முழுக் கதவும் மேலே எழும்பும், பின்சீட்டை மடக்கினால் சாமானும் மனிதரும் இருக்குமிடம் ஒன்றாகிவிடும். சாவியைத் திருகிக் கதவைக் கொஞ்சம் தூக்கினால் போதும், இரு பக்கமும் உள்ள கேஸ் தண்டுகள் மீதியைத் தாங்களே தூக்கிக்கொள்ளும்.

'ஹாட்' வந்தது அமெரிக்காவிலிருந்து. பழைய ஃபோர்டு கார்களைப் பிரித்து, வேண்டாததைக் கழற்றி எடையைக் குறைத்து, எஞ்சினைக் கூட்டிக் கலிஃபோர்னியா இளைஞர்கள் ஓட்டியதை ஹாட் ராட் என்றார்கள். அந்த 'ஹாட்'டைக் குடும்பக் காரோடு சேர்த்து ஹாட் ஹேட்ச் ஆக்கியவர்கள் 1980களில் பிரிட்டிஷ் பத்திரிகைக்காரர்கள். கார் அதற்கு முன்பே வந்துவிட்டது. ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ 1975-இல் பிராங்பர்ட் கண்காட்சியில் காட்டப்பட்டு 1976-இல் விற்பனைக்கு வந்தது. 1.6 லிட்டர், 110 குதிரைத்திறன். கம்பெனி முதலில் 5000 கார்கள் செய்தால் போதும் என்று நினைத்தது. முதல் தலைமுறையிலேயே நாலரை லட்சத்துக்கு மேல் விற்றது. 1984-இல் பெஜோ 205 ஜிடிஐயும் வந்தது.

தமிழில் இதை எப்படிச் சொல்வது? 'சூடான ஹேட்ச்' என்றால் வெயிலில் நின்ற கார்தான் நினைவுக்கு வரும். தொல்காப்பியம் "கதழ்வும் துனைவும் விரைவின் பொருள" என்கிறது. அழகான சொற்கள், ஆனால் இன்று யார் வாயிலும் இல்லை. எனக்குப் பிடித்தது 'கடு'. வேகம், கூர்மை, வெப்பம், மிகுதி எல்லாம் அதற்குள் இருக்கின்றன. கடுவெயிலிலும் அதுதான், வேகமான தேரைச் சொல்லும் கடுந்தேரிலும் அதுதான். புறநானூற்றின் 15-ஆம் பாட்டு "கடுந்தேர் குழித்த ஞெள்ளல்" என்றே தொடங்குகிறது. விரைந்தோடிய தேர்கள் குழியாக்கிய தெரு என்று பொருள். வெப்பத்தையும் வேகத்தையும் தனக்குள் ஒன்றாக வைத்திருக்கும் சொல் நம்மிடம் இருக்கும்போது வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

பின்னொட்டு எது என்பது அடுத்த கேள்வி. சிற்றுந்து என்றால் தமிழ்நாட்டில் மினி பஸ் என்று ஆகிவிட்டது. மகிழுந்தோடு கடு ஒட்டாது, மகிழ்ச்சியும் கடுமையும் முட்டிக்கொள்ளும். காருக்கு இன்னொரு பெயரான சீருந்து பொருந்துகிறது: கடுஞ்சீருந்து. கடுஞ்சினம், கடுஞ்சொல் போலவே புணர்கிறது. இதில் கதவு காணாமல் போகிறதே என்று கேட்கலாம். போகட்டும். கதவைச் சொல்ல ஹேட்ச்பேக்குக்குப் பின்திறப்புச் சீருந்து என்று வைத்துக்கொள்ளலாம்.

எதிரணியில் நிற்பதன் பெயரைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். எஸ்யூவி என்பது ஸ்போர்ட் யுட்டிலிட்டி வெஹிக்கிள். அதன் முதல் எழுத்து ஸ்போர்ட்டைக் குறிக்கிறது, ஆனால் அங்கே அதற்குப் பந்தய வேகம் என்ற பொருள் இல்லை. வேட்டை, மீன்பிடிப்பு, மலையேற்றம் போன்ற வெளிப்பொழுதுபோக்குதான் அது. 1966-இன் ஃபோர்டு பிரான்கோவில் ஸ்போர்ட்ஸ் யுட்டிலிட்டி என்று பெயரிட்டது, பின்னால் திறந்த சரக்குத்தட்டு உள்ள சிறிய பிக்கப் வடிவத்துக்கு. காம்பாக்ட்டுக்குக் கச்சிதம் என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே உண்டு. லக்ஸுரிக்கு மூலமான லத்தீன் லுக்ஸுரியா ஒரு காலத்தில் பழிச்சொல், மிதமிஞ்சிய இன்பத்தைக் கிறித்தவ மரபு ஏழு பாவங்களில் ஒன்றாக வைத்த பெயர். நம் சொகுசுக்கு அந்தக் கறை இல்லை. தெலுங்கில் சொகசு என்றால் அழகு, தமிழில் அது உடம்புக்குக் கிடைக்கும் இதமாகிவிட்டது. ஆகவே கச்சிதச் சொகுசு எஸ்யூவி.

பெர்ஃபாமன்ஸ் என்ற சொல்லில்தான் எனக்கு உண்மையான வருத்தம். எல்லோரும் செயல்திறன் என்று எழுதுகிறார்கள். ஆனால் செயல்திறன் ஆலைக்கும் அலுவலகத்துக்கும் உரிய சொல். 'செயல்திறன் கார்' என்றால் ஒழுங்காக ஓடும் கார் என்றுதானே பொருள்படும்? கார்க்காரர்கள் சொல்லவருவது பிக்கப், வேகம், வளைவில் நிற்பது, பிரேக் பிடிப்பது நான்கும் சேர்ந்த ஒன்று. அதற்கு ஓட்டத்திறன் சரியாக இருக்கும். 2025 மே மாதம் இந்தியாவுக்கு இறக்குமதியாகி 53 லட்சத்துக்கு வந்த கோல்ஃப் ஜிடிஐயின் 2 லிட்டர் டர்போ எஞ்சின் 265 குதிரைத்திறன் தருகிறது, மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை 5.9 விநாடியில் எட்டுகிறது. ஏறத்தாழ அதே விலையில் கிடைக்கும் பிஎம்டபிள்யூ எக்ஸ்1, நம் சிங்கப்பெருமாள்கோயில் பக்கத்து ஆலையில் பாகங்களைப் பூட்டித் தயாராவது. அதன் பெட்ரோல் வகைக்கு 136 குதிரைத்திறன், 9.2 விநாடி. இரண்டும் கம்பெனிகள் சொல்லும் கணக்கு. ஓட்டத்திறன் என்ற சொல்லோடு இந்த எண்களைப் பார்த்தால் எது எதற்குச் செய்தது என்பதில் ஐயம் வராது.

ரிலையபிலிட்டிக்கு நம்பகத்தன்மை என்று அகராதி சொல்லும். சரிதான், ஆனால் ஒர்க்‌ஷாப்பில் இதைவிட நல்ல சொல் இருக்கிறது. எங்கள் தெருமுனை மெக்கானிக் அண்ணனிடம் எந்தக் காரைப் பற்றிக் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "வேலை வைக்காது" அல்லது "வேலை வைக்கும்." இதில் ஒரு துல்லியம் உண்டு. அமெரிக்காவில் ஜே.டி. பவர் நிறுவனம் 3 வயதான கார்களில் 100 காருக்கு எத்தனை குறை என்று ஆண்டுதோறும் எண்ணுகிறது. அதில் கியர்பாக்ஸ் உடைவதும் ஒரு குறை, போன் இணையாமல் போவதும் ஒரு குறை. திரையும் சென்சாரும் நிறைந்த சொகுசுக் கார்களுக்கு அங்கே குறை கூடக் காட்டுவது இதனால்கூட இருக்கலாம். மெக்கானிக்கின் 'வேலை' போன் இணையாததை எண்ணாது. வண்டியைத் தூக்கி நிறுத்த வைப்பதுதான் அவருக்கு வேலை.

அப்படிப் பார்த்தால் கடுஞ்சீருந்து வேலை வைக்குமா? ஜிடிஐயின் எஞ்சின் ஆடி க்யூ3, ஸ்கோடா கோடியாக்கில் இருக்கும் 2 லிட்டர் எஞ்சினின் குடும்பத்தைச் சேர்ந்தது. எஞ்சின் வகையால் பெரிய வித்தியாசம் வராது. வேறுபாடு தேய்மானத்தில். விரட்டி ஓட்டினால் டயர், பிரேக் பேட், எஞ்சின் மவுண்ட் எல்லாம் சீக்கிரம் தேயும். அதைவிட முக்கியம் டயரின் பக்கச்சுவர். 225/40 ஆர்18 என்று டயரில் எழுதியிருந்தால் பக்கச்சுவரின் உயரம் டயரின் அகலமான 225 மில்லிமீட்டரில் 40 விழுக்காடு, அதாவது 90 மில்லிமீட்டர். நான்கு விரல் சேர்த்து வைத்த அகலத்தைவிடச் சற்றுதான் கூட. எஸ்யூவிகளில் வரும் 225/55 போன்ற டயரில் 124 மில்லிமீட்டர். மழைக்குப் பிந்தைய சாலைக்குழியில் இந்த 34 மில்லிமீட்டர்தான் ரிம்மைக் காப்பாற்றும். ஞெள்ளலைக் குழித்தது தேர். நம் தெருவில் குழிதான் தேரை உடைக்கிறது. அத்தை மகனிடம் இதைத்தான் சொன்னேன்: நீ போகும் சாலை எது என்று முதலில் பார்.

இதற்குக் கீழே இன்னொரு படியும் உண்டு. இருங்காட்டுக்கோட்டையில் தயாராகி 2021-இல் விற்பனைக்கு வந்த ஹூண்டாய் ஐ20 என் லைன், 1 லிட்டர் டர்போவில் 120 குதிரைத்திறன். இப்படிப்பட்டதை ஆங்கிலத்தில் வார்ம் ஹேட்ச் என்பார்கள், வெதுவெதுப்பானது என்ற பொருளில். இதைக் கடுஞ்சீருந்து என்றால் சொல்லின் கூர் மழுங்கிவிடும். இதற்கு விரைசீருந்து போதும்.

எழுதும்போது ஒரு கவனம்: ஹேட்ச் என்று ஏகாரம் இட்டு எழுதுக. ஹாட்ச் என்று எழுதினால் முன்னால் வரும் ஹாட்டோடு கலந்து படிப்பவர் தடுமாறுவார்.