பை வைத்த டம்ளர் சட்டை

டிகிரி காபி ததும்பும் பித்தளை டம்ளரை நடுவில் பிடித்துத் தூக்குகிறவரைக் கும்பகோணத்தில் பார்ப்பது அரிது. மேல் விளிம்பை இரண்டு விரலால் பற்றி, டவராவில் ஊற்றி, ஆற்றிக் குடிப்பதுதான் வழக்கம். வெளியே மடிந்த விளிம்பு அதற்கு வாகாக இருக்கும். ஆனால் பித்தளை சூட்டை வேகமாகக் கடத்தும் உலோகம். கொஞ்ச நேரம் போனால் விளிம்பும் சுட ஆரம்பித்துவிடும்.

பின்னல் ஊசி பிடிக்கத் தெரிந்தவர்கள் இதற்கு எளிய வழி ஒன்று வைத்திருக்கிறார்கள். உல்லன் நூலில் பின்னி டம்ளருக்குப் போட்டுவிடும் ஒரு சட்டை. மேலும் கீழும் திறந்த சின்னக் குழாய், முன்பக்கம் ஒரு பை, அவ்வளவுதான். ஒரே மாலையில் முடிந்துவிடும், 50 கிராம் உருண்டை ஒன்று மூன்று நான்கு பேருக்குப் போதும். பொங்கலுக்கு அத்தைக்கோ, ஆண்டு இறுதியில் பிள்ளையின் வகுப்பு ஆசிரியைக்கோ கொடுக்க இதைவிடக் கைக்கு அடக்கமான பரிசு எனக்குத் தெரியவில்லை. அது எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டு பின்னினால் கொடுக்கிற பொருள் இன்னும் நன்றாக அமையும்.

கம்பளி சூடு தரும் என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் வேலை செய்வது நூலுக்குள்ளும் நூலுக்கு இடையிலும் அடைபட்டு நிற்கிற காற்று. ஒரு பொருள் எவ்வளவு எளிதாக வெப்பத்தைக் கடத்துகிறது என்பதற்கு ஓர் அளவு உண்டு. அதில் பித்தளைக்குச் சுமார் 110, எவர்சில்வருக்குச் சுமார் 15, தண்ணீருக்கு 0.6, அசையாத காற்றுக்கு வெறும் 0.026. இங்கே ‘அசையாத’ என்பதுதான் முக்கியம். காற்றுக்கு நகர இடம் கிடைத்தால் சூடானது மேலே போய்விடும், குளிர்ந்தது வந்து அந்த இடத்தைப் பிடிக்கும், சூடு கிளம்பிப் போய்க்கொண்டே இருக்கும். பின்னலில் உள்ள சின்னச் சின்ன அறைகளுக்குள் அந்தச் சுழற்சி தொடங்கவே முடிவதில்லை.

இதை முதலில் சோதித்துக் காட்டியவர்களில் ஒருவர் ரம்ஃபோர்டு பிரபு என்று அறியப்பட்ட பெஞ்சமின் தாம்சன். கம்பளி, ரோமம், இறகு என்று ஒவ்வொன்றாகச் சுற்றி, சூடு எவ்வளவு நேரம் தங்குகிறது என்று அளந்தார். வெப்பம் பற்றிய ஆய்வுகளுக்காக 1792இல் லண்டன் ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் அவருக்குக் கிடைத்தது. காபி வடிக்கும் பாத்திரம் ஒன்றை வடிவமைத்ததும், காபியின் அருமை பற்றித் தனிக் கட்டுரை எழுதியதும் இதே மனிதர்தான். ஃபில்டர் காபி ஊரில் அவர் பெயர் இன்னும் கொஞ்சம் தெரிந்திருக்கலாம் என்பது என் ஆசை.

சரி, டம்ளரில் இருக்கிற சூடு எந்த வழியாகப் போகிறது? பெரிய வாசல் மேலே இருக்கிறது. ஆவி பறப்பது கண்ணுக்கே தெரியும். ஒரே ஒரு கிராம் நீர் ஆவியாகிப் போனால் 150 மில்லி காபியின் வெப்பநிலை 3.5 டிகிரிக்கு மேல் இறங்கிவிடும். டவராவில் உயர்த்தி ஆற்றினால் இவ்வளவு சீக்கிரம் குடிக்கிற பதத்துக்கு வருவதும் இதனால்தான். ஆற்றும்போது காற்று படும் பரப்பு பல மடங்கு ஆகிறது, ஆவியும் அதற்கேற்பக் கூடுகிறது. ஆகவே காபி சூடாகவே இருக்கவேண்டும் என்றால் முதலில் செய்யவேண்டியது டவராவைக் கவிழ்த்து மூடுவது. சட்டை அதற்கு அடுத்தபடிதான்.

பக்கவாட்டில் நடப்பது இன்னும் சுவையானது. டம்ளரின் சுவர் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அவ்வளவு மெல்லிய சுவருக்குக் குறுக்கே பித்தளையும் எவர்சில்வரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சூட்டை விடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை விளிம்பைப் பிடிக்கும் விரல்தான் உணரும். சுவரைத் தாண்டிய சூடு இரண்டு விதமாக வெளியேறுகிறது. சுற்றியுள்ள காற்று ஒரு பங்கைக் கொண்டுபோகிறது, இன்னொரு பங்கு கதிர்வீச்சாகப் போகிறது. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பளபளக்கிற பித்தளை கதிர்வீச்சில் மகா கஞ்சன். நல்ல கருப்புப் பரப்பு விடுவதில் பத்தில் ஒரு பங்குகூட விடாது. துணியோ ஏறக்குறைய ஒன்பது பங்கை விட்டுவிடும்.

இதனால் எதிர்பாராத ஒரு விளைவு வருகிறது. காற்றே அசையாத அறையில், பளபளக்கும் பித்தளை டம்ளருக்கு மூன்று மில்லிமீட்டர் தடிமனில் மெல்லிய சட்டை போட்டால் காபியின் சூடு ஏறக்குறைய அப்படியேதான் குறையும். காற்றுவழியில் மிச்சம் பிடித்ததைக் கதிர்வீச்சுவழியில் இழந்துவிடுகிறோம். ஆனால் நம் பக்கத்து வீடுகளில் காற்று அசையாத அறை எது? மின்விசிறி ஓடிக்கொண்டே இருக்கும், திண்ணையில் உட்கார்ந்தால் வயற்காற்று வீசும். விசிறிக் காற்றில் வெறும் டம்ளர் சூட்டை வேகமாக இழக்கும். அதே மெல்லிய சட்டையைப் போட்டால் பக்கவாட்டில் போகும் சூடு பாதியளவுக்குக் குறையும் என்பது தோராயக் கணக்கு. பளபளப்புப் போய் மங்கிய பித்தளைக்கும், கண்ணாடிக்கும், பீங்கான் கோப்பைக்கும் இன்னும் நன்றாகவே பயன்படும், ஏனென்றால் அவற்றிடம் அந்தக் கஞ்சத்தனம் கிடையாது.

கைக்கு எப்போதும் லாபம்தான். தோலில் சூட்டு வலியை உணர்த்தும் புரதம் ஒன்று சுமார் 43 டிகிரியில் விழித்துக்கொள்ளும். மிளகாயின் காரத்தை உணர்வதும் அதே புரதம்தான். மிளகாயின் காரப்பொருளை வைத்தே அதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ் 2021இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 65 டிகிரியில் இருக்கும் பித்தளையைத் தொட்டால் விரலின் மேல்தோல் கிட்டத்தட்ட அந்தச் சூட்டுக்கே போய்விடும். அதே சூட்டில் இருக்கும் கம்பளிப் பின்னலைத் தொட்டால் தோல் பெரும்பாலும் தன் சூட்டிலேயே இருக்கும். விரலுக்குக் கொடுக்கப் பின்னலிடம் அவ்வளவு சூடு சேமிப்பில் இல்லை, உள்ளிருந்து புதிதாக வருவதும் மெதுவாகத்தான்.

அப்படியானால் டம்ளரைச் சுற்றி ஒரு துண்டுத் துணியைத் தைத்துவிடலாமே, எதற்குப் பின்ன வேண்டும்? திருபுவனத்துத் தறியில் பாவு நூல்கள் நெடுக்காக இழுபட்டு நிற்கும், ஊடை குறுக்கே ஓடும். இரண்டும் நேராகவே கிடப்பதால் துணி அகலத்துக்கோ நீளத்துக்கோ இழுத்தால் கொடுக்காது. பட்டுப்புடவைக்கு வேண்டியதும் அந்த உறுதிதான். பின்னலில் ஒரே நூல் வளைந்து வளைந்து கண்ணிகளாகப் போகிறது. ஊசியில் இருக்கும் ஒரு கண்ணியை அருகில் வைத்துப் பாருங்கள். நூல் கீழிருந்து ஏறி, வில்லாக வளைந்து, மறுபக்கம் இறங்குகிறது. அடுத்த வரிசையின் கண்ணி அந்த வில்லுக்குள் நுழைந்து வெளிவருகிறது. அகலவாக்கில் இழுத்தால் வில் தாழ்ந்து படுத்துக்கொள்ளும், கால்கள் விலகும். நூல் நீள்வதில்லை, கண்ணியின் உருவம் மட்டும் மாறுகிறது. விட்டால் வளைந்த நூல் மறுபடி பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். அந்த இழுப்புதான் சட்டை டம்ளரைக் கவ்விக்கொள்ளும் பிடி. அடியில் ஒடுங்கி மேலே விரியும் டம்ளருக்கு இதைவிடப் பொருத்தமான துணி கிடைப்பது கஷ்டம்.

இந்தக் கவ்வலை இன்னும் கூட்டுவது ரிப் பின்னல். புதுக் கண்ணியை முன்பக்கமாக இழுத்தால் அது நிட், பின்பக்கமாக இழுத்தால் பர்ல். இரண்டு கண்ணி நிட், இரண்டு கண்ணி பர்ல் என்று மாற்றிப் போட்டால் நிட் பத்திகள் முன்னே துருத்தும், பர்ல் பத்திகள் பின்னே பதுங்கும். துணி தானாகவே மடிந்து சுருங்கிக்கொள்ளும், தேவைப்படும்போது விரிந்துகொடுக்கும். துருத்திய மேடுகளுக்கு இடையே உள்ள பள்ளங்களிலும் காற்று தங்கும். பொத்தல் பொத்தலாக விடும் லேஸ் டிசைன்கள் அழகுதான், ஆனால் விசிறிக் காற்று நேரே உள்ளே போய்விடும். டம்ளர் சட்டைக்கு அவற்றை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

கணக்குக்கு வருவோம். 7 சென்டிமீட்டர் விட்டமுள்ள டம்ளரின் சுற்றளவு 22 சென்டிமீட்டர். 4 மில்லிமீட்டர் ஊசியில் நடுத்தரத் தடிமன் நூல் 10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணி வரும் என்று வையுங்கள். அப்போது 44 கண்ணி வேண்டும். ஆனால் சரியாக 44 போட்டால் சட்டை நழுவிவிடும். பத்தில் ஒரு பங்கைக் குறைத்து 40 போட்டால் இழுபட்டு நிற்கும். ஓரங்களைச் சேர்த்துத் தைக்க இரண்டு கூட்டி 42. உயரத்துக்கு 22 வரிசை. மொத்தம் ஆயிரத்துக்கும் குறைவான கண்ணிகள். பழகிய கைக்கு முக்கால் மணி நேரம், புதியவருக்கு அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. உங்கள் நூலிலும் உங்கள் கையிலும் 10 சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணி வருகிறது என்று ஒரு சின்னத் துண்டு பின்னி அளந்துகொள்ளுங்கள். ஒருவர் கை இறுக்கம், இன்னொருவர் கை தளர்வு.

அடுத்து நூல். நம் ஊர்த் தையல் பொருள் கடைகளில் உல்லன் என்று கேட்டால் பெரும்பாலும் அக்ரிலிக் நூலைத்தான் எடுத்துக்கொடுப்பார்கள். மலிவு, நிறங்கள் ஏராளம், சட்டென்று துவைக்கலாம். ஆனால் ஈரமும் சூடும் சேர்ந்து தொடர்ந்து பட்டால் அக்ரிலிக் இளகி, கண்ணிகளின் துள்ளல் போய்த் தொளதொளத்துவிடும். நெருப்புக்கு அருகில் உருகவும் செய்யும், அடுப்படியில் கவனம் வேண்டும். உண்மையான கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. எளிதில் தீப்பிடிப்பதும் இல்லை. பருத்தி நூல் சூட்டைத் தாங்கும், டெல்டா வெயிலுக்கும் இதமாக இருக்கும். அதன் குறை ஈரத்தில் வெளிப்படும். ஈரப் பிடிதுணியால் அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கியவர்களுக்கு இது கையால் தெரிந்த பாடம். இழைகளுக்கு இடையே காற்று இருந்த இடத்தில் தண்ணீர் வந்துவிடுகிறது, அது காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்துகிறது. பருத்திச் சட்டையில் காபி சிந்தினால் உடனே கழற்றிவிடுங்கள்.

குளிர்பானத்துக்கும் இதே சட்டையைப் போடலாமா? பன்னீர் சோடாவோ ரோஸ்மில்க்கோ ஊற்றிய கண்ணாடி டம்ளர், ஈரக்காற்று வீசும் ஐப்பசி மாதத்தில் சில நிமிடங்களிலேயே வியர்த்துப்போகும். அந்தத் துளிகள் சும்மா வருவதில்லை. ஒரு கிராம் நீராவி டம்ளர்மேல் நீராக மாறினால், அது விடுகிற வெப்பம் 200 மில்லி பானத்தை ஏறக்குறைய 3 டிகிரி சூடாக்கப் போதும். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேல் டுரான், டார்கன் ஃப்ரையர்சன் என்ற இருவர் 2013இல் இதைச் சோதனை செய்து வெளியிட்டார்கள். ஈரமும் வெப்பமும் மிகுந்த காற்றில் குளிர்ந்த டப்பா சூடாவதற்குச் சுற்றியுள்ள காற்றின் சூட்டைவிட இந்தத் துளிகளே பெரிய காரணமாகலாம் என்று அவர்கள் காட்டினார்கள். ஆகவே குளிர்பான உறையின் முதல் வேலை நீராவியைத் தடுப்பது. கடையில் கிடைக்கும் ஃபோம் உறை அதை நன்றாகச் செய்யும். பின்னலில் நீராவி நுழைந்துவிடும், அதனால் அந்த அளவுக்கு எதிர்பார்க்கக் கூடாது. மேசையில் தண்ணீர் வட்டம் விழாமல் துளிகளை நூல் பிடித்துக்கொள்ளும், கை வழுக்காது.

இனி பை. பலரும் அதை ஓர் அலங்காரமாகவே வைக்கிறார்கள். விரல்கள் படிகிற இடத்தில் பை வந்தால் அங்கே பின்னல் இரண்டு அடுக்காகிறது, நடுவில் இன்னொரு காற்று அடுக்கும் சேர்கிறது. அதனால் பையை அடியில் ஒட்டவைக்காமல் டம்ளரைப் பிடிக்கும் நடு உயரத்தில் வைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

இழுபடும் துணியின்மேல் பையை ஒட்டவைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. சட்டை விரியும், பை விரியாது, ஓரங்கள் சுருங்கிக்கொண்டு நிற்கும். இதைத் தவிர்க்க 40 கண்ணிகளில் முன்பக்கத்து 14ஐ மட்டும் ரிப் போடாமல் நேர்ப் பின்னலாக, அதாவது ஒரு வரிசை நிட், அடுத்த வரிசை பர்ல் என்று விட்டுவிடுங்கள். சுருங்கி விரிகிற வேலையைப் பின்பக்கத்து 26 கண்ணிகள் பார்த்துக்கொள்ளும், முன்பக்கம் பெரிதாக அசையாது. சட்டையை முடித்தபிறகு, அந்த நேர்ப் பின்னல் பகுதியில் அடியிலிருந்து ஐந்தாறு வரிசை மேலே, ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் 12 கண்ணிகளின் ஒரு காலை மட்டும் வெறும் ஊசியால் தூக்கிக்கொள்ளுங்கள். புது நூலைச் சேர்த்து அதிலிருந்தே 14 வரிசை மேல்நோக்கிப் பின்னினால் பையின் முன்பக்கம் தயார். அடியில் தையலே வராது, பை சட்டையிலிருந்து முளைத்ததுபோல் நிற்கும். பக்கங்கள் இரண்டையும் அதே நூலால் இறுக்காமல் தைத்துவிட்டால் போதும்.

பையைப் பின்னும்போது கடைசி நான்கு வரிசையை ரிப்பாகவோ, இருபக்கமும் நிட் போட்டோ முடியுங்கள். நேர்ப் பின்னலில் எல்லாக் கண்ணிகளும் ஒரே பக்கம் வளைந்திருக்கும். வளைந்த நூல் நிமிரப் பார்ப்பதால் மேல் ஓரம் முன்பக்கமாகச் சுருண்டு பையின் வாயை அடைத்துவிடும். நிட்டும் பர்லும் கலந்தால் ஒன்றின் இழுப்பை மற்றொன்று சமன்செய்யும்.

பைக்குள் என்ன வைப்பது? சூடான காபி உள்ளே இருக்கும்போது சட்டையின் வெளிப்புறமே 50 டிகிரியை ஒட்டி வரும். சாக்லேட்டில் உள்ள கோகோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகிவிடும், அதனால் பரிசாகக் கொடுக்கும்போது வைத்தாலும் காபி ஊற்றுமுன் எடுத்துவிடச் சொல்லுங்கள். சுக்குக் காபிப் பொடிப் பொட்டலமோ நாட்டுச் சர்க்கரைப் பொட்டலமோ தாராளமாக வைக்கலாம். எனக்குப் பிடித்தது லேசாகத் தட்டிய இரண்டு ஏலக்காய், மெல்லிய துணியில் முடிந்தது. சூடு ஏற ஏற ஏலக்காயின் எண்ணெய் வேகமாக ஆவியாகும், டம்ளரை வாயருகே கொண்டுபோகும்போது மணம் மூக்குக்கு வரும், காபியின் ருசியோ மாறாது. மணம் குறைந்துவிட்டால் முடிச்சை அவிழ்த்து வேறு இரண்டு போட்டுக்கொள்ளலாம்.