அலையாத்திக் காடு மீட்க மிஷ்டி திட்டம்: கன்றுக்கு முன்னால் தண்ணீரைக் கேளுங்கள்

2023-24 மத்திய பட்ஜெட்டில் அறிவித்து, அந்த ஆண்டு ஜூன் 5 அன்று தொடங்கிய திட்டம் மிஷ்டி. ஒன்பது கடலோர மாநிலங்களிலும் நான்கு யூனியன் பிரதேசங்களிலும் ஐந்தாண்டில் சுமார் 540 சதுர கிலோமீட்டர் அலையாத்திக் காட்டை, அதாவது உவர்நீர்ச் சேற்றில் வளரும் மாங்குரோவ் காட்டை, மீட்பதும் புதிதாக வளர்ப்பதும் இலக்கு. இதில் யாருடைய வங்கிக் கணக்குக்கும் நேரடியாகப் பணம் வராது. மாநில அரசு திட்டம் போட்டு அனுப்பும். காம்பா எனப்படும் ஈடுசெய் காடு வளர்ப்பு நிதி போன்றவற்றிலிருந்து பணம் ஒதுக்கப்படும். ஊராருக்குக் கால்வாய் வெட்டுவதிலும் நாற்றங்காலிலும் வேலை உண்டு. காடு தேறிவிட்டால் மீனும் நண்டும் இறாலும் பெருகும். புயல் அலையின் வேகம் கரைக்கு வருமுன் தணியும்.

எல்லாக் கடற்கரைக்கும் இது பொருந்தாது. அலை நேராக வந்து அடிக்கும் மணல்கரையில் அலையாத்தி நிற்காது. பிச்சாவரம், முத்துப்பேட்டை போல ஆறும் கடலும் கலக்கும் கழிமுகம், உப்பங்கழி, சேற்று நிலம் வேண்டும். அதற்காகச் சேற்றுநிலம் எல்லாவற்றிலும் கன்று நடக் கூடாது. உமரிச் செடி படர்ந்த உவர்ச் சதுப்பும், பறவைகள் இரை தேடும் சேற்றுத் திட்டும் அவையாகவே மதிப்புள்ளவை. அங்கே கன்று நடுவது, இருப்பதை அழிக்கும் வேலை.

பெரும்பாலான நடவுகள் தோற்பது தண்ணீரால்தான். பிச்சாவரத்தில் நடந்ததைப் பாருங்கள். அந்தக் காலத்தில் கூறு கூறாக மரத்தை மொட்டையடித்தார்கள். நிழல் போனதும் மண் காய்ந்து அமுங்கி, நிலம் தாம்பாளம்போல நடுவில் குழிந்தது. கடல் ஏறும்போது உள்ளே வந்த நீர், கடல் இறங்கும்போது வெளியேற வழியில்லை. தேங்கிய நீர் வெயிலில் வற்ற வற்ற உப்பு ஏறியது. அந்த உப்பில், உப்பை நன்றாகத் தாங்கும் வெண்கண்டல் என்ற அலையாத்தி மரமே பிழைக்காது. தண்ணீர் வடிந்த பிறகும் குட்டை குட்டையாக நீர் நிற்பதும், கோடையில் மண்மேல் வெள்ளையாக உப்பு பூப்பதும்தான் அடையாளம்.

இதற்கு வழி மீன்முள் கால்வாய். ஓடையிலிருந்து ஒரு முதன்மைக் கால்வாய். அதன் இருபுறமும் மீன்முள் போலச் சாய்வாகப் பிரியும் கிளைக் கால்வாய்கள். குறுக்குவெட்டு மேலே அகலமாக, அடியில் குறுகலாக இருக்க வேண்டும். செங்குத்தாக வெட்டினால் கரை சரியும். கன்றைச் சரிவின் நடுமட்டத்தில் நட வேண்டும். கீழே நட்டால் மூழ்கி அழுகும், உச்சியில் நட்டால் உப்பில் கருகும். கடலின் ஏற்ற இறக்க மட்டத்தை அளக்காமல் ஆழத்தை முடிவு செய்தால் தண்ணீர் ஒரு பக்கம் மட்டும் போகும். முதல் சில ஆண்டுகள் தூர் வாராவிட்டால் கால்வாய் சேற்றில் தூர்ந்து பழைய நிலை திரும்பிவிடும். தூர் வாரும் செலவைத்தான் பல திட்டங்களில் முதலில் வெட்டுகிறார்கள். அதை விட்டுக்கொடுக்கவே கூடாது.

கைவிட்ட இறால் பண்ணையில் வேலை இன்னும் எளிது. வரப்பைச் சரியான இடங்களில் உடைத்துக் கடல் ஏற்றத்தை உள்ளே விட்டால், பக்கத்தில் தாய்மரம் இருக்கும்பட்சத்தில் விதை மிதந்து வந்து தானே முளைக்கும். ஆனால் பட்டா நிலமானால் உரிமையாளர் சம்மதம் எழுத்தில் வேண்டும். பின்புறம் வயல் இருந்தால் உப்புநீர் ஏறாதபடி உள்கரை முதலில் போட வேண்டும்.

இருக்கும் காட்டுக்குச் சட்டக் காவல் உண்டு. 2019 கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி அலையாத்தியும் உவர்ச் சதுப்பும், மிகக் கடுமையான காவல் உள்ள ஒன்று-ஏ மண்டலம். அலையாத்திப் பரப்பு 1,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் சுற்றிலும் 50 மீட்டர் இடைவெளியும் அதே மண்டலத்தில் சேரும். நாட்டுப் பாதுகாப்பு, பொதுப்பயன் போன்ற விதிவிலக்கில் சாலை போட்டு அலையாத்தியை அழித்தால், குறைந்தது மூன்று மடங்கு பரப்பில் அதற்கு ஈடாக அலையாத்தி நட்டாக வேண்டும்.

ஊரிலிருந்து தொடங்க, கிராமசபையில் தீர்மானம் போட்டு மாவட்ட வன அலுவலருக்குக் கொடுங்கள். ஆட்சியருக்கும் ஒரு நகல். தீர்மானத்தில் கன்று எண்ணிக்கையை மட்டும் எழுதாதீர்கள். சர்வே எண், தண்ணீர் தேங்கும் இடங்களின் படம், ஓடை அடைந்துபோன இடம், தூர் வாரும் பொறுப்பு யாருக்கு, மாடு மேயாமல் காப்பது யார், படகு போகும் வழியும் நண்டு பிடிக்கும் இடமும் எங்கே என்று எழுதுங்கள். காப்புக்காடாக இருந்தால் வனத்துறை அனுமதியின்றி ஊரார் மண்வெட்டி வைக்க முடியாது.