போன பல்பைத் தூக்கிப் போடாதீர்கள்

இட்லி மாவு வியாபாரம் செய்யும் ஒரு அண்ணன் போன ஐப்பசியில் என் மெக்கானிக் கடைக்கு வந்தார். 100 சிசி வண்டி, பின்னால் இரண்டு பக்கமும் மாவு கேன். விடிகாலை நாலரைக்கே கிளம்புகிறவர், ஹெட்லைட் இல்லாமல் அவருக்குப் பிழைப்பு ஓடாது. “தம்பி, ரெண்டு மாசத்துல நாலு பல்பு போயிருச்சு. இந்தத் தடவை நல்ல கம்பெனி பல்பா போடு” என்றார். நாலும் வேறு வேறு கடையில் வாங்கியவை, அதில் ஒன்று கொஞ்சம் விலை கூடியது. நாலும் ஒன்றுபோலப் போகிறது என்றால் பல்பைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

“போன பல்பு இருக்காண்ணே?” என்று கேட்டேன். கடைசிப் பல்பு ஹோல்டரிலேயே இருந்தது. மற்றதையெல்லாம் குப்பையில் போட்டுவிட்டாராம். எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள். ஆனால் என்ன கோளாறு என்பதைப் பாதி நேரம் அந்தப் பல்பே சொல்லிவிடும்.

கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடியின் உள்பக்கம் கறுத்து, ரசம் பூசியதுபோல மின்னியது. டிம், பிரைட் இரண்டு இழையும் அறுந்திருந்தன. அறுந்த நுனியில் குண்டூசித் தலை மாதிரி சின்ன உருண்டை. இழை உருகி அறுந்திருக்கிறது. “டிம் போனதும் பிரைட்ல ஓட்டுனீங்களா?” “ஆமா, அது ரெண்டு நாள்தான் தாங்குச்சு.” “பின்னாடி டெயில் பல்பு?” “அதுவும் ரெண்டு தடவை மாத்திட்டேன் தம்பி, அதை எதுக்குக் கேக்குற?” அதோடு சந்தேகம் தீர்ந்தது. முன்னாலும் பின்னாலும் சேர்ந்து போனால், வண்டி பல்புக்குத் தேவைக்கு மேல் வோல்டேஜ் கொடுக்கிறது.

கண்ணாடி பளிச்சென்று இருந்து, இழை மட்டும் சுத்தமாக ஒடிந்திருந்தால் அது அதிர்வு. ஹெட்லைட் டூம் (பல்பு உட்காரும் கிண்ணம்) ஆடுகிறதா, ஹோல்டர் லூசா என்று பார்க்க வேண்டும். உள்ளே வெள்ளையாகப் புகை படிந்திருந்தால் காற்று புகுந்திருக்கிறது, எங்கேயோ விரிசல். ஒரே இடத்தில் மட்டும் கண்ணாடி கொப்பளம் போட்டிருந்தால், மாட்டியவர் கையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்திருக்கும். ஹாலஜன் கண்ணாடி எரியும்போது கடுமையாகச் சூடேறும். விரல் ரேகை பட்ட இடம் மட்டும் இன்னும் கூடுதலாகக் காய்ந்து பலவீனமாகிவிடும். இந்தத் தப்பை மெக்கானிக்குகள் நாங்களே தினமும் செய்கிறோம் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

அண்ணன் வண்டிக்கு வருவோம். அந்த மாதிரிப் பழைய வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட் பேட்டரியில் எரிவதில்லை. இன்ஜின் சுற்றும்போது கரண்ட் தயாரிக்கும் மேக்னெட் காயிலிலிருந்து நேராக ஏசி கரண்ட் வருகிறது. ஐடிலில் மங்கி, முறுக்கினால் பளிச்சென்று எரிவது அதனால்தான். இன்ஜின் வேகம் ஏற ஏற வோல்டேஜும் ஏறும். அதை ஒரு அளவுக்கு மேல் விடாமல் பிடித்து, மிச்சத்தை எர்த்துக்கு இறக்கிவிடுவது ஆர்.ஆர். யூனிட் என்கிற ரெகுலேட்டர்-ரெக்டிஃபையரின் வேலை. அது தவறினால் பல்புதான் மொத்தத்தையும் வாங்கிக்கொள்ள வேண்டும். வோல்டேஜ் 5 சதவீதம் கூடினாலே பல்பின் ஆயுள் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும்.

ரெகுலேட்டரே இல்லாத பழைய 6 வோல்ட் ஸ்கூட்டர் ஓட்டியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதில் வரும் கரண்டைப் பல்புகள்தான் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஹெட்லைட் போனது தெரியாமல் முறுக்கினால் அடுத்த நிமிடம் டெயில் லைட்டும் போய்விடும்.

புதுப் பல்பு மாட்டி, மீட்டரை ஏசியில் வைத்து ஹோல்டரில் பிடித்தேன். ஐடிலில் 10, கொஞ்சம் முறுக்கியதும் 13, இன்னும் முறுக்க 15, 17 என்று ஏறிக்கொண்டே போனது. நல்ல வண்டியில் 14 பக்கம் போய் நின்றுவிடும். மலிவான மீட்டர் இந்தக் கரண்டைத் துல்லியமாகக் காட்டாது என்பதும் உண்மைதான். அதனால் எந்த எண் என்பதைவிட, ஓரிடத்தில் நிற்கிறதா, ஏறிக்கொண்டே போகிறதா என்றுதான் நான் பார்ப்பேன்.

இந்த இடத்தில் பலரும் நேராகப் புது ஆர்.ஆர். யூனிட் வாங்கி மாட்டிவிடுவார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான். இப்போது முதலில் எர்த் ஒயரைத் தேடுவேன். அண்ணன் வண்டியில் அது பச்சை ஒயர். யூனிட்டில் ஒயர்கள் வந்து சேரும் பிளக்கான கப்ளரைப் பிடுங்கினால் மற்ற மூன்று பின்னும் நன்றாக இருக்கிறது, எர்த் பின்னில் மட்டும் பச்சைக் களிம்பு பூத்து, தொட்டதும் மாவாய் உதிர்ந்தது. வாராவாரம் பிரஷரில் வாட்டர் வாஷ் செய்கிறாராம். எர்த் சரியாகப் பிடிக்காவிட்டால், யூனிட் நல்லதாகவே இருந்தாலும் மிச்சக் கரண்டை எங்கே கொண்டுபோய் இறக்கும்? பின்னை மாற்றி, கப்ளரைச் சுத்தம் செய்து திரும்ப முறுக்கினேன். முள் 13.5-ல் நின்றது. கூலி 150 ரூபாய்.

ஹெட்லைட் பேட்டரியில் எரியும் வண்டியாக இருந்தால் பேட்டரி டெர்மினல் லூசா, பேட்டரியே செத்துவிட்டதா என்றும் பாருங்கள். பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு உதைத்து ஓட்டுகிறவர்கள் பல்புக்கும் சேர்த்துத் தண்டம் கட்டுகிறார்கள்.

எல்லாப் பல்பும் கோளாறினால் போவதில்லை. 2017 ஏப்ரலிலிருந்து வந்த வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்கவே முடியாது, பகலிலும் எரியும். ஒரு ஹாலஜன் பல்பின் ஆயுள் சில நூறு மணி நேரம்தான். தினம் மூன்று மணி நேரம் ஓட்டுகிறவருக்கு வருஷத்துக்கு ஆயிரம் மணி நேரம் ஆகிவிடுகிறது. அவருக்கு வருஷத்தில் ஒன்றிரண்டு பல்பு போவது தேய்மானம். மாதம் ஒன்று போனால்தான் என்னிடம் வர வேண்டும்.

அப்புறம், வெளிச்சம் போதவில்லை என்று 35 வாட் வண்டியில் 100/90 வாட் பல்பு போட்டுக்கொண்டு வருகிறவர்கள். 35 வாட்டுக்கு 3 ஆம்பியர் போதும், 100 வாட்டுக்கு 8-க்கு மேல் வேண்டும். அந்தச் சின்ன ஒயர் சூடாகி, ஹோல்டர் உருகி, பின் லூசாகிவிடும். பிறகு பழைய 35 வாட் பல்பையே திரும்ப மாட்டினாலும் விட்டு விட்டுத்தான் எரியும். ஹாலஜன் டூமில் எல்இடி பல்பைச் சொருகினால் எதிரே வருகிறவர் கண்ணில்தான் வெளிச்சம் போய் அடிக்கும். கேட்டு வந்தாலும் நான் போட்டுத் தருவதில்லை.

தை மாதம் ஆயில் மாற்ற அண்ணன் வந்தார். ஹெட்லைட்டைப் போட்டுப் பார்த்தேன், அன்றைக்கு நான் மாட்டிய அதே பல்பு, கண்ணாடியில் கறுப்பே இல்லை. “எதுக்கும் இருக்கட்டும்னு ஒரு பல்பு வாங்கி வெச்சிருக்கேன் தம்பி” என்று சைடு பாக்ஸைத் திறந்தார். ஸ்பேனர்களுக்கு நடுவே அட்டைப்பெட்டி நசுங்கி, பல்பு தூள்தூளாகக் கிடந்தது.